எதிலிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழைய அறிவியல் புனைகதைப் படங்கள் ஒவ்வொன்றாக 4கே டிஸ்க்கில் வந்துகொண்டிருப்பதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். குமரி மாவட்டத்தில் இதை யார் கேட்கப்போகிறார்கள் என்று ஆசிரியர் சிரித்தார். வந்த கடிதங்களைக் கட்டி அவர் மேசையிலேயே வைத்திருக்கிறேன். மார்த்தாண்டத்தில் நான் வீடியோ கேசட் கடை வைத்திருந்தபோது, ‘ராக்கெட் படம் ஏதாவது வந்திருக்கா?’ என்று சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டுப் போன பையன்கள்தான் இப்போது நரைத்த தலையோடு எழுதுகிறார்கள் போலிருக்கிறது. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

ஓடிடியிலும் 4கே என்றுதான் போட்டிருக்கிறது, டிஸ்க்கிலும் 4கே என்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் டிஸ்க் எப்போது வரும் என்று எதற்குத் தவம் கிடக்க வேண்டும்?
— கல்லூரி மாணவர், திருவட்டாறு

தம்பி, 4கே என்பது திரையில் எத்தனை புள்ளி என்று மட்டும்தான் சொல்கிறது. குறுக்கே 3840, நெடுக்கே 2160. அந்தப் புள்ளிகளுக்கு எவ்வளவு விவரம் வந்து சேர்கிறது என்பது வேறு கணக்கு. நெட்பிளிக்ஸில் 4கே பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் வேகம் போதும் என்கிறார்கள். 4கே டிஸ்க்கிலிருந்து நொடிக்கு 128 மெகாபிட் வரை வரலாம். வெயிலில் இரண்டு பேர் நின்று பேசுகிற காட்சியில் இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. ஆனால் நம் ரகப் படங்களில் பாதி இருட்டில்தானே நடக்கிறது? ‘ஏலியன்’ (1979) படத்தின் கப்பல் நடைபாதைகளைப் போட்டுப் பாருங்கள். விளக்கிலிருந்து இருட்டுக்குப் போகிற இடத்தில் ஓடிடியில் பட்டை பட்டையாக விழும், நீராவி கட்டம் கட்டமாக உடையும். டிஸ்க்கில் இருட்டு இருட்டாகவே இருக்கும்.

உங்கள் டிவி 32 அங்குலம் என்றால் இதையெல்லாம் மறந்துவிடுங்கள். 4கேக்கு முந்திய சாதாரண ப்ளூ-ரே டிஸ்க்கே தாராளம்.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் வெட்டிய 17 நிமிடம் அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்தில் கிடைத்ததாகப் படித்தேன். அடுத்த டிஸ்க்கிலாவது அதைச் சேர்ப்பார்களா?
— மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்

சார், செய்தி உண்மைதான். 2010-இல் வந்தது. கான்சாஸ் மாநிலத்து உப்புச் சுரங்கப் பெட்டகத்தில் அந்தச் சுருள் இருப்பதாகச் சொன்னார்கள். உப்பு என்றால் நமக்குச் சாமித்தோப்பு அளமும், ஜன்னல் கம்பியைத் தின்னும் கடற்காற்றும்தான் ஞாபகம் வரும். ஆனால் பூமிக்கடியில் ஆழத்தில் உள்ள உப்புச் சுரங்கம் ஈரமே இல்லாத இடம், வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி. ஃபிலிமுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

ஆனால் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது என்பது என் கட்சி. 1968 ஏப்ரலில் படம் வெளியானதும், ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, இயக்குநர் குப்ரிக்கே சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். தயாரிப்பாளர் கத்தரி வைத்த கதை இல்லை இது. மனிதர் 1999-இல் காலமாகிவிட்டார். அவர் வேண்டாம் என்று எடுத்துப் போட்டதை அவர் இல்லாதபோது நாம் ஒட்டுவது நியாயமா?

2018-இல் வந்த 4கே டிஸ்க் உங்களிடம் இருந்தால், விட்டுப்போன நிமிடங்களைத் தேடுவதைவிட, இருக்கிற நிமிடங்களுக்குள் தேடுங்கள். இந்தப் படம் 65 மி.மீ. நெகட்டிவில் எடுத்தது. வழக்கமான 35 மி.மீ. சட்டத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் பரப்பு. நிலவுக்குப் போகும் வழியில் விஞ்ஞானி ஒருவர் கழிப்பறைக் கதவு முன்னால் நின்று, எடையற்ற நிலையில் கழிப்பறையைப் பயன்படுத்துவது எப்படி என்ற அறிவிப்பை நெற்றி சுருக்கிப் படிப்பார். கேசட்டில் அது வெறும் வெள்ளைப் பலகை. இப்போது நிறுத்திவைத்து வரி வரியாக நீங்களும் படிக்கலாம். எண் போட்டுப் பத்து விதிகள். சில நொடிக் காட்சிக்காக ஒருவர் உட்கார்ந்து அத்தனையையும் எழுதியிருக்கிறார். ராக்கெட் எஞ்சினோடு வாழ்ந்த உங்களுக்கு அந்தக் கவனம் பிடிக்கும்.

துபாயில் இருக்கும் தம்பி லீவுக்கு வரும்போது ப்ளூ-ரே வாங்கி வருவதாகச் சொல்கிறான். அங்கே வாங்குவது நம் வீட்டில் ஓடாது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.
— இல்லத்தரசி, கருங்கல்

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. ப்ளூ-ரேக்கு உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா சி, வளைகுடா பி, அமெரிக்கா ஏ. இங்கே வாங்கிய பிளேயர் சி டிஸ்க்கைத்தான் ஏற்கும். மூன்று பகுதிக்கும் பொதுவாக வருகிற டிஸ்க்குகளும் நிறைய உண்டு. உறையின் பின்பக்கம் ஓரத்தில் சின்னதாக ஏ, பி, சி எழுத்து இருக்கும், தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு இந்தப் பிரிவினையே இல்லை, எங்கே வாங்கினாலும் எங்கேயும் ஓடும். ஒன்று மட்டும் கவனம்: அதே பெட்டிக்குள் கூடவே வருகிற சாதாரண ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம். சில படங்களில் கூடுதல் காட்சிகளும் பேட்டிகளும் அதில்தான் இருக்கும்.

படம் போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருகிறது. டிவியில் கோளாறா?
— குளச்சல் வாசகர்

கோளாறு இல்லை. அதுதான் படத்தின் நிஜ அகலம். ரிமோட்டை எடுத்து இழுத்து நிரப்பிவிடாதீர்கள், எல்லோரும் நெட்டையாக ஆகிவிடுவார்கள். ரிமோட் கையில் இருக்கும்போதே ‘மோஷன் ஸ்மூத்திங்’ (அசைவை வழுவழுப்பாக்கும் வசதி) வகையறா ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் குப்ரிக் படமும் மத்தியான சீரியல் மாதிரி தெரியும்.

1953-இல் வந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ டிவிடி வைத்திருக்கிறேன். செவ்வாய்க் கிரகத்தார் வரும் பறக்கும் கருவிகளைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிகள் அப்பட்டமாகத் தெரியும். அதைக் காட்டித்தான் பிள்ளைகளுக்கு ட்ரிக் காட்சி எப்படி எடுப்பார்கள் என்று சொல்லிக்கொடுப்பேன். புதிய பதிப்பில் கம்பியையே காணோமாம். வரலாற்றை அழிக்கிற வேலை இல்லையா இது?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, தக்கலை

டீச்சர், இந்த மூட்டையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி உங்களுடையது. பதில் கொஞ்சம் நீளும்.

எச்.ஜி. வெல்ஸின் நாவலில் கருவிகளுக்கு மூன்று கால் உண்டு. படத்தில் அதை மாற்றி, திருக்கை மீன் வடிவத்தில் செம்பு நிறத்தில் செய்தார்கள். நம் கடற்கரைக்காரர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கனமான பொம்மைகளை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டுத்தான் நகர்த்தினார்கள். உள்ளே விளக்கு எரிய மின்சாரமும் கம்பி வழியாகவே போனது. இதெல்லாம் நீங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னபடிதான்.

ஆனால் 1953-இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள் டிவிடியில் பார்த்ததுபோல் கம்பியைப் பார்க்கவில்லை. படம் டெக்னிகலரில் எடுத்தது. மூன்று வண்ணங்களுக்கு மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ். தியேட்டருக்கான பிரதியில் மூன்று சாயங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுக் குத்துவார்கள். அப்படி அச்சாகும்போது சாயம் இம்மி அளவு கசியும், விளிம்புகள் லேசாக மழுங்கும். தங்கூசி நரம்பு அளவு மெல்லிசான கம்பி அந்த மழுங்கலிலும் இருட்டிலும் கரைந்துவிடும். எடுத்தவர்கள் இதை நம்பித்தான் எடுத்தார்கள். பிற்காலத்தில் வேறு வகை ஃபிலிமில் கூர்மையாகவும் வெளிச்சமாகவும் பிரதி போட்டார்கள், அதிலிருந்து வீடியோ எடுத்தார்கள். கம்பி வெளியே வந்துவிட்டது. அதாவது, உங்கள் டிவிடியில் தெரிந்தது 1953-இன் படம் இல்லை. அந்தப் படத்தின் அந்தரங்கம்.

படத்தை எடுத்த பாரமவுண்ட் நிறுவனம் மீண்டும் மூல நெகட்டிவ்களுக்கே போய், மூன்றையும் பொருத்தி, நிறத்தையும் இருட்டையும் பழைய டெக்னிகலர் பிரதிக்கு ஒத்துவரும்படி சரி செய்தபோது, கம்பிகளையும் மறைத்தார்கள். 2020-இல் ப்ளூ-ரே, 2022-இல் 4கே. அன்றைய ரசிகன் பார்த்ததை இன்றைக்குக் காட்டுவது என்ற அளவில் எனக்கு இது சம்மதம். அந்தத் திருக்கையையே தூக்கிவிட்டு கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்றை வரைந்து பறக்கவிட்டிருந்தால் உங்களோடு நானும் கொடி பிடித்திருப்பேன்.

டிவிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வகுப்புக்கு அதுதான் நல்லது.

ஜேம்ஸ் கேமரனின் ‘தி அபிஸ்’ நல்ல பிரதியில் வர வேண்டும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தேன். வந்தது. முகமெல்லாம் மெழுகு பூசினமாதிரி இருக்கிறது. என் கண்ணில் கோளாறா, டிஸ்க்கிலா?
— வடசேரி வாசகர்

உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை அண்ணாச்சி. 1989-இல் வந்த படம். ப்ளூ-ரே காலம் முழுக்க அதை வெளியிடவே இல்லை. 2024-இல்தான் 4கே டிஸ்க் ஆனது. கூடவே ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ இரண்டும் வந்தன. மூன்றையும் பற்றி உலகம் முழுக்க உங்கள் புலம்பல்தான்.

ஃபிலிமில் எடுத்த படத்தை உற்றுப் பார்த்தால் மணல் தூவினதுபோல ஒரு துடிப்பு இருக்கும். அது அழுக்கு இல்லை, படமே அந்தத் துகள்களால் ஆனதுதான். மூக்கின் மேல் உள்ள துளை, தாடி முளைத்த இடம், கம்பளிச் சட்டையின் நூல் எல்லாம் அந்தத் துகள்களில்தான் எழுதப்பட்டிருக்கும். பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மென்பொருளை விட்டுத் துகளைத் துடைத்தால் மூக்கின் துளையும் சேர்ந்து போய்விடும். அப்புறம் வெறுமையாக இருக்கிறதே என்று விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்குவார்கள். கல்யாண ஆல்பத்தில் போட்டோகிராபர் மாப்பிள்ளை முகத்தைத் தேய்த்துத் தேய்த்து யாரோ ஒருவனாக ஆக்கிவிடுவது போன்ற வேலை இது.

இதில் வேதனை என்னவென்றால், இது கேமரன் தாமே ஒப்புக்கொண்ட பிரதி. இயக்குநர் கையெழுத்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற நம்பிக்கை இதோடு போயிற்று. மூன்றில் ‘தி அபிஸ்’ பரவாயில்லை ரகம். தண்ணீரே ஓர் உருவமெடுத்து வளைந்து வந்து, எதிரே நிற்பவளின் முகத்தைக் காப்பியடிக்கும் காட்சிக்காக மட்டுமே நான் வைத்துக்கொண்டேன். ‘ட்ரூ லைஸ்’ எனக்கு வேண்டாம்.

நம்பிக்கைக்கும் ஓர் உதாரணம் உண்டு. ‘பிரிடேட்டர்’ (1987) படத்துக்கு 2010-இல் வந்த ப்ளூ-ரேயில் அர்னால்டைக் கொலுப் பொம்மையாகவே ஆக்கியிருந்தார்கள். வாங்கினவர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2018-இல் வந்த 4கே பதிப்பில் துகளும் திரும்பியது, வியர்வையும் திரும்பியது. ஆகவே, புதுப் பதிப்பு என்று அறிவிப்பு வந்ததும் முன்பதிவு செய்யாதீர்கள். எதிலிருந்து எடுத்தார்கள், மூல நெகட்டிவா, அதன் பிரதியா, பத்து வருடம் முந்திய பழைய மாஸ்டரையே (டிஸ்க் போட அப்போது தயாரித்த மூலப் பதிவு) பெரிதாக்கினதா என்று கேளுங்கள். வெளியாகி ஒரு மாதம் போகட்டும். வாங்கினவர்கள் எழுதுவார்கள்.

செலவில்லாமல் பார்க்க நல்லதாக ஏதாவது சொல்லுங்களேன்.
— ஐடிஐ மாணவர், தோவாளை

ரஷ்யாவின் மாஸ்ஃபிலிம் ஸ்டூடியோ தன் யூடியூப் சேனலில் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972), ‘ஸ்டாக்கர்’ (1979) இரண்டையும் ஆங்கில சப்டைட்டிலோடு தானே போட்டிருக்கிறது. சட்டப்படியானது, திருட்டு இல்லை. பொறுமை மட்டும் உங்கள் செலவு.

‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தை 1977-இல் வந்தபடியே டிஸ்க்கில் தருவார்களா, மாட்டார்களா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
— ஆட்டோ ஓட்டுநர், மார்த்தாண்டம்

ஒரே வார்த்தையில் முடியாது சாரே. 1997-இல் ஜார்ஜ் லூக்காஸ் புதிய உருவங்களையும் காட்சிகளையும் சேர்த்து ‘ஸ்பெஷல் எடிஷன்’ ஆக்கினார். அதற்கப்புறமும் அங்கங்கே கை வைத்துக்கொண்டே இருந்தார். 2011 ப்ளூ-ரே, 2020 4கே இரண்டிலுமே மாற்றியதுதான் இருக்கிறது. பழையதை 2006-இல் டிவிடியோடு இலவச இணைப்பு மாதிரி ஒருமுறை தந்தார்கள். அதுவும் டிவிடிக்கு முந்திய லேசர் டிஸ்க் காலத்து மாஸ்டரிலிருந்து எடுத்த மங்கல் பிரதி. கேட்டு வாய் வலித்தவர்களுக்கு அது ஒரு நக்கலாகத்தான் பட்டது. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தன் விழாவில் 1977-இன் டெக்னிகலர் பிரதியையே ஓட்டிக் காட்டியது. ஆக, பொருள் இருக்கிறது. தருவதற்கு மனசுதான் வேண்டும்.

ஸ்பீல்பெர்க்கும் ஒருமுறை இப்படிச் செய்தார். 2002-இல் ‘ஈ.டி.’ படத்தில் போலீஸ்காரர்கள் கையிலிருந்த துப்பாக்கியை அழித்து வாக்கி-டாக்கி ஆக்கினார். பின்னால் அவரே அதற்கு வருந்தினார். இப்போது ப்ளூ-ரேயிலும் 4கேயிலும் கிடைப்பது 1982-இன் படம்தான், துப்பாக்கியோடு.

உங்கள் கடையில் எடுத்த ஒரு கேசட் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், களியக்காவிளை

இத்தனை வருட வாடகையைக் கூட்டினால் நான் ஒரு 4கே பிளேயரும் அதற்கு ஏற்ற டிவியும் வாங்கிவிடலாம். பெயர் போடாவிட்டாலும் கையெழுத்து தெரிகிறது மக்களே. வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யும் விண்வெளிப் படம்தானே? வெள்ளைக்காரன் படமெல்லாம் பளபளவென்று வருகிறது. நம் படம் எப்போது வரும்?
— கோட்டாறு வாசகர்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 1963, ஏ. காசிலிங்கம் இயக்கம். விஞ்ஞானத்தில் உச்சிக்குப் போன வேற்றுக் கிரகத்தாருக்குப் பாட்டும் கூத்தும் மட்டும் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தக் கற்பனைக்கே ஒரு டிஸ்க் போடலாம். ஹாலிவுட்டில் வேற்றுக் கிரகத்தான் வந்தால் தண்ணீருக்கு வருவான், தங்கத்துக்கு வருவான், நம்மைத் தின்ன வருவான். பாட்டு வாத்தியாரைத் தேடி வந்தவன் தமிழில்தான் வந்திருக்கிறான்.

வருமா என்றால், நெகட்டிவ் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்து அசிட்டேட் ஃபிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் தானாகச் சிதையும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறும். சுருள் சுருங்கி, வளைந்து, கடைசியில் இயந்திரத்தில் ஏற்றவே முடியாமல் போகும். சென்னை வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடந்தவை எத்தனை எத்தனை! ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு.

ஆனால் முடியாத காரியம் இல்லை. ‘கர்ணன்’ (1964) படத்தைச் சீர்படுத்தி 2012-இல் தியேட்டரில் விட்டபோது கூட்டம் வந்தது. ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்த அரவிந்தனின் ‘தம்ப்’ 2022-இலும், பெனகலின் ‘மந்தன்’ 2024-இலும் கான் விழா வரை போயின. நமக்கு அடுத்த ஊர்க்காரர்களின் மலையாளப் படம் போகும்போது தமிழ்ப் படத்துக்கு என்ன குறை? காசு போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ (1927) கதையைச் சொல்லிவிடுகிறேன். வெளியான கொஞ்ச நாளிலேயே கால்வாசியை வெட்டி எறிந்தார்கள். போனது போனதுதான் என்று எல்லோரும் இருந்தபோது, 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் நகரத்து சினிமா மியூசியத்தில் ஏறக்குறைய முழுப் படமும் 16 மி.மீ. பிரதியாகக் கிடைத்தது. உடம்பெல்லாம் கீறல். சுமார் 25 நிமிடத்தைச் சேர்த்து 2010-இல் பெர்லினில் போட்டார்கள். அந்தப் பகுதிகள் வரும்போது திரையில் மழை பெய்வதுபோல் கோடு விழும், சட்டமும் சிறுத்துவிடும். எது மீண்டு வந்தது என்று பார்க்கிறவனுக்கே தெரிகிறது. நம் படப்பெட்டிகளும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று போனவைதானே. அங்கே எந்தப் பரணில் எந்தப் பெட்டி கிடக்கிறதோ! ‘கலை அரசி’ கீறலோடு வந்தாலும் முதல் ஆளாக நான் வாங்குவேன். முகத்தைத் தேய்க்காமல் தந்தால் சரி.

இங்கே இரண்டு மழைக்காலம். டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்குமா?
— ரப்பர் தோட்டக்காரர், குலசேகரம்

கேசட்டுக்குப் பிடித்தமாதிரி பிடிக்காது. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் விளிம்பில் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். அதை அப்படியே போட்டால் பிளேயரின் ஹெட் போய்விடும். கடையில் பாதி நேரம் எனக்கு அந்த வேலைதான். டிஸ்க்கில் முதலில் உறைக்குள் இருக்கும் காகிதம் பூக்கும், அப்புறம்தான் மற்றது. சுவரை ஒட்டிய இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். நிற்கவைத்து அடுக்குங்கள், நாலு சிலிக்கா பொட்டலம் போடுங்கள். துடைப்பதானால் மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது.

பிளேயர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்கிறார்களே. இப்போது வாங்கினால் முட்டாள்தனமா?
— வங்கி ஊழியர், குழித்துறை

ஒவ்வொருவராக விலகுவது உண்மை. ஓப்போ 2018-இல் விலகியது, அடுத்த வருடம் சாம்சங், 2024 கடைசியில் எல்ஜி. சோனியும் பானசோனிக்கும் இன்னும் செய்கின்றன. வீட்டில் பிள்ளைகள் கேம் பெட்டி கேட்டு நச்சரிக்கிறார்கள் என்றால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டுமே 4கே டிஸ்க் ஓட்டும். டிரைவ் இல்லாத மாடலும் அதே பெயரில் விற்கிறார்கள், விலை குறைவு என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வரவழைத்தால் சுங்கவரியும் சேரும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முதலில் இரண்டே படம் வாங்குங்கள். ‘2001’ ஒன்று. இன்னொன்றை வீட்டம்மாவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், மூன்றாவதற்குச் சண்டை வராது.